கேட்டால் சொல்வேன்: சூத்திரத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "சூத்திரத்தையே இன்டர்நெட்டில் தேடலாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கடந்துபோனேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திருகோணமலையின் நாலா பக்கத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. அச்சு வசதிக்காக மாறிகளுக்கு க, ச, ட என்று தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன், உங்கள் கொப்பியில் வழக்கமான எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. மூன்று எண்களின் கூட்டுத்தொகை பூச்சியம் என்றால், அவற்றின் கனங்களின் கூட்டுத்தொகை அந்த மூன்றின் பெருக்கத்தைப்போல் மூன்று மடங்கு என்று காட்டச் சொல்லி ஒரு கணக்கு. அந்தச் சமன்பாட்டைக் கூகுளில் அப்படியே அடித்தேன், சம்பந்தமே இல்லாத பக்கங்கள்தான் வந்தன. நான் அடித்த விதம் பிழையா?
(உயர்தர மாணவி, உப்புவெளி)

பதில்: உன்னில் பிழை இல்லை பிள்ளை. வழக்கமான தேடுபொறி சொற்களைத் தேடுவதற்காகச் செய்யப்பட்டது. "துறைமுகம்" என்று அடித்தால் அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தன் அட்டவணையில் பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். நீ அடித்தது க³ + ச³ + ட³ = 3கசட. இதில் சொல் எங்கே இருக்கிறது? கூட்டல் குறி, சமன் குறி, மேலே ஏறி நிற்கும் சின்ன 3 போன்றவற்றைத் தேடுபொறி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மிஞ்சுவது நாலைந்து தனி எழுத்துகளும் இரண்டு மூன்று இலக்கங்களும். அதை வைத்துக்கொண்டு அது பாவம் என்ன செய்யும்?

அதோடு, ஒரே சூத்திரத்தை ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். நீ க, ச, ட என்று எழுதியதை இன்னொருவர் வேறு மூன்று எழுத்துகளில் எழுதியிருப்பார். ஒருவர் 3கசட என்பதை இடப்பக்கம் கொண்டுபோய்க் கழித்து, வலப்பக்கத்தில் பூச்சியம் போட்டிருப்பார். இன்னொருவர் அதை (க + ச + ட)(க² + ச² + ட² − கச − சட − டக) என்று காரணிப்படுத்தியிருப்பார். உன் கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், எழுத்தை மட்டும் ஒப்பிடும் யந்திரத்துக்கு நாலும் நாலு அந்நியர்.

சரி, என்ன செய்யலாம்? சூத்திரத்தின் அமைப்பையே பார்த்துத் தேடும் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் நான் முதலில் சொல்வது அப்ரோச் சீரோ. ஆங்கிலத்தில் அப்ரோச் என்று எழுதி, பின்னால் பூச்சிய இலக்கத்தைச் சேர்த்தால் அதுதான் பெயர். கேள்வி கேட்டுப் பதில் எழுதும் பெரிய கணிதத் தளமான மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் உள்ளவற்றை அது தன் அட்டவணையில் வைத்திருக்கிறது. எழுத்துகள் மாறியிருந்தாலும் அமைப்பு ஒத்துப்போனால் எடுத்துக் காட்டும். உன் கணக்கில் சமன்பாட்டை ஒரு கட்டமாகவும், "கூட்டுத்தொகை பூச்சியம்" என்ற நிபந்தனையை இன்னொரு கட்டமாகவும் போட்டுப் பார். சூத்திரத்தோடு ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தால் இன்னும் நல்லது. சூத்திரமும் சொல்லும் சேர்ந்து போகும்போதுதான் தேடல் கூர்மையாகும்.

இதற்கு லேடெக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பயப்படாதே. சூத்திரத்தைச் சாதாரண விசைகளால் எழுதும் முறைக்குத்தான் அந்தப் பெயர். 1970களின் கடைசியில் டொனால்ட் குனூத் என்ற கணினி அறிஞர் அழகாகக் கணிதம் அச்சிட டெக் என்ற மென்பொருளைச் செய்தார், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லேடெக். அடுக்குக்கு ஒரு கூரைக்குறி, பின்னத்துக்கு ஒரு கட்டளை, வர்க்கமூலத்துக்கு ஒன்று, தொகையீட்டுக்கு ஒன்று. உயர்தரத்துக்கு இருபது கட்டளை போதும், ஒரு சனிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும். உலகத்தில் கணிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் எழுதுகிறார்கள், அதனால் தேடுவதற்கும் இதுவே சாவி.

கேள்வி: தமிழில் தேடினால் கணிதத்துக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்தத் தமிழ் எனக்கு விளங்குவதில்லை. நாங்கள் தமிழ் மொழி மூலம் படிப்பவர்கள் என்ன செய்வது?
(மாணவர், கிண்ணியா)

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது முழு உண்மை, எனக்கும் நெடுநாள் மனவருத்தம் இது. நாங்கள் அட்சரகணிதம் என்பதைத் தமிழ்நாட்டில் இயற்கணிதம் என்கிறார்கள். எங்கள் கேத்திரகணிதம் அங்கே வடிவியல், திரிகோணகணிதம் அங்கே முக்கோணவியல், தாயம் அங்கே அணி. "தாயம்" என்று தேடினால் தாயக்கட்டை விளையாட்டு வந்து நிற்கும், "அணி" என்று தேடினால் கிரிக்கெட் வரும். சூத்திரம் என்ற சொல்லுக்கே அங்கே வாய்பாடு என்று பெயர், எங்களுக்கு வாய்ப்பாடு என்றால் இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு.

ஆகவே சொல்லைத் தேடும்போது இரண்டு பக்கத்துச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், சூத்திரத்தைக் கொண்டு தேடப் பழகுவதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான விடுதலை. இரண்டு தாயங்களின் பெருக்கம் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பிரேசிலிலும் ஒரே மாதிரித்தான் எழுதப்படுகிறது. சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போய்ச்சேரும் பக்கம் எந்த மொழியில் இருந்தாலும் நடுவில் உள்ள வரிகளை நீங்கள் வாசித்துவிடலாம். மிச்சச் சொற்களுக்கு மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது.

இதில் ஒன்றையும் மறைக்கக் கூடாது. பழைய தமிழ்க் கணக்கு நூல்களில் சூத்திரம் குறியீட்டில் இல்லை, பாட்டில் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு வரும் என்று வெண்பா மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் படித்த பை பெருக்கல் ஆரை வர்க்கம் தான் அது. ஆனால் குறியீட்டைத் தேடும் எந்த யந்திரமும் அந்தப் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்காது. யாராவது ஒருவர் அந்தப் பாட்டின் பக்கத்தில் இன்றைய குறியீட்டையும் எழுதி வைத்தால்தான் உண்டு. அந்த வேலை செய்ய ஆள் வேண்டும்.

கேள்வி: வணக்கம் ரீச்சர். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஊர் ஆசிரியர்கள் இருபது முப்பது வருடமாகத் தயாரித்த டியூட்களையும் (வகுப்பில் கொடுக்கும் பயிற்சித் தாள்களையும்) மாதிரி வினாத்தாள்களையும் ஸ்கேன் செய்து பி.டி.எப் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். சிலது கணினிக் கோப்பாகவே இருக்கிறது. இவற்றைப் பிள்ளைகள் தேடி எடுக்கும்படி செய்ய முடியுமா?
(கணித ஆசிரியர், மூதூர்)

பதில்: ஐயா, முதலில் உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். வெள்ளத்திலும் இடம்பெயர்விலும் எத்தனை கொப்பிகள் போயின என்று எங்களுக்குத் தெரியும், அதனால் ஸ்கேன் செய்து வைத்ததே பெரிய காரியம். 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இப்படிச் சேர்த்து வைத்திருப்பதால்தான் எத்தனையோ பழைய பக்கம் இன்று எங்கள் கைக்கு வருகிறது.

ஆனால் ஸ்கேன் என்பது படம். பக்கத்தைப் பார்க்கலாம், அதற்குள் தேட முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் தமிழை இப்போது ஓரளவு நன்றாகவே வாசிக்கின்றன. கணிதத்தில்தான் வழுக்கி விழும். 2² என்று அச்சில் இருப்பதை 22 என்று எடுக்கும், பின்னத்தின் கோட்டை வெறும் கோடாக நினைத்து எறிந்துவிடும், தொகுதி ஒரு வரியிலும் பகுதி அடுத்த வரியிலும் போய் விழும். வரி வரியாக இடமிருந்து வலமாக வாசிப்பதற்குப் பழக்கிய யந்திரம் அது, சூத்திரமோ மேலும் கீழும் படர்ந்து நிற்பது. அதனால் சூத்திரத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்து வேறு கருவியிடம் கொடுக்க வேண்டும். மேத்பிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, படத்தைக் கொடுத்தால் லேடெக்காகத் திருப்பித் தரும். தெளிவான அச்சு என்றால் நன்றாகவே வரும். பழைய ரோனியோ இயந்திரத்தில் எடுத்த மங்கல் பிரதி என்றால் ஒருவர் பக்கத்தில் இருந்து சரிபார்த்தே ஆகவேண்டும்.

கணினிக் கோப்புகளாக இருப்பவற்றைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. முதலாவது, பாமினி. எங்கள் ஊரில் நெடுங்காலம் எல்லாரும் அடித்தது அந்த எழுத்துருவில். திரையில் "அ" என்று தெரியும், கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கில எம் எழுத்து. தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன, ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். சூத்திரத்தில் இருக்கும் உண்மையான ஆங்கில எழுத்துகளும் தமிழாக மாறிவிடும். நான் என் சொந்த டியூட் ஒன்றில் இந்தத் தவறைச் செய்து, எட்டுப் பக்கம் திருத்த ஒரு வாரம் உட்கார்ந்தேன்.

இரண்டாவது, வேர்டின் பழைய ஈக்குவேஷன் எடிட்டர் 3.0. பாதுகாப்புக் குறைபாடு இருந்ததால் 2018 ஜனவரியில் மைக்ரோசொப்ட் அதை நீக்கிவிட்டது. அதில் எழுதிய சூத்திரங்கள் திரையில் தெரியலாம், தொட்டுத் திருத்த முடியாது. "மேத்டைப்" என்பது போன்ற மென்பொருளில் திறந்து மாற்றலாம். இப்போது யாராவது ஒருவரின் பழைய கணினியில் அது இன்னும் வேலை செய்கிறது என்றால், அந்தக் கணினி சாகுமுன் இதைச் செய்யுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விடவேண்டாம்.

எல்லாவற்றையும் உடனே லேடெக் ஆக்க முடியாது, தெரியும். குறைந்தபட்சம் ஓர் எக்செல் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: எந்தக் கோப்பு, எத்தனையாம் பக்கம், எந்த வருடம், எந்தப் பாட அலகு, அதன் முக்கியமான சூத்திரம் லேடெக்கில், அதன் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும். படத்தையும் எறியாதீர்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், நாளைக்கு ஒருவர் பிழை கண்டால் மூலத்தைப் பார்த்துத் திருத்துவார். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பத்துப் பேரைப் பிடித்தால் நாலு மாதத்தில் நல்ல பங்கு முடியும்.

இணையத்தில் போடும்போது சூத்திரத்தைப் படமாகப் போடாமல் மேத்எம்எல் ஆகப் போடுங்கள். 1998 முதல் இருக்கும் இணைய நியமம் அது. குரோம் உலாவி 2023 ஜனவரியில் அதன் அடிப்படைப் பகுதியைக் காட்டத் தொடங்கியது, இப்போது தயங்கக் காரணம் இல்லை. இதில் இன்னொரு பெரிய நன்மை: பார்வையற்ற பிள்ளை ஒன்று உங்கள் பக்கத்தைத் திறந்தால், திரைவாசிப்பான் சூத்திரத்தை வாசித்துச் சொல்லும். படத்தைப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

கேள்வி: என் மகன் கணக்கைப் போனில் படம் எடுக்கிறான், விடை முழுவதும் படிப்படியாக வருகிறது, அதைக் கொப்பியில் எழுதுகிறான். இதுவும் நீங்கள் சொல்லும் தேடல்தானா? விடலாமா?
(ஒரு தாய், சாம்பல்தீவு)

பதில்: இல்லை அம்மா, அது வேறு. அது கணக்கைச் செய்து கொடுக்கும் கருவி. நான் சொல்வது, அதே மாதிரிக் கணக்கை வேறு யார் எப்படி அணுகினார்கள் என்று கண்டுபிடித்து வாசிப்பது. மகன் முதலில் தானே அரை மணி நேரம் முயலட்டும், பிறகு படம் எடுக்கட்டும், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி தானே செய்யட்டும். அந்த மூன்றாவது படி நடக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள், அதற்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: நான் வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். சூத்திரத் தேடல் உள்ளே எப்படி வேலை செய்கிறது? இறுதி வருட ஆய்வுக்கு எடுக்கலாமா?
(மாணவி, திருகோணமலை வளாகம்)

பதில்: தாராளமாக எடுக்கலாம் தங்கச்சி, நல்ல மேய்ச்சல் நிலம் அது.

அடிப்படை எண்ணம் மரம். ஒரு சூத்திரத்தை இரண்டு விதமான மரமாக வரையலாம். ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற அமைப்பு: எது எதன் வலப்பக்கம், எது மேலே ஏறி நிற்கிறது, எது கோட்டுக்குக் கீழே. மற்றது, செய்கையின் அமைப்பு: உச்சியில் சமன், அதன் கீழே கூட்டல், அதன் கீழே மூன்று கனங்கள் என்று இறங்கும். முதலாவதை லேடெக்கிலிருந்து எளிதாக எடுக்கலாம். இரண்டாவதற்குப் பொருள் புரிய வேண்டும், வில்லங்கம் அங்கேதான். சைனுக்கு மேலே −1 இருந்தால் நேர்மாறுச் சார்பு, க என்ற எழுத்துக்கு மேலே −1 இருந்தால் ஒன்றின் கீழ் க. க(ச + 1) என்றால் க ஒரு சார்பா, அல்லது பெருக்கலா? வாசிக்கிற மனிதருக்குச் சுற்றியுள்ள வசனம் சொல்லிவிடும், யந்திரத்துக்கு யார் சொல்வது? மேத்எம்எல்லில் தோற்றத்துக்கு ஒரு வகை, பொருளுக்கு ஒரு வகை என்று இரண்டு வைத்ததே இதனால்தான். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மரம் கிடைத்தபின் வழிகள் பிரிகின்றன. அப்ரோச் சீரோ மரத்தின் இலையிலிருந்து மேலே போகும் பாதைகளை அட்டவணைப்படுத்தி, கேள்வியும் ஆவணமும் எத்தனை பாதைகளில் ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறது. ஜெர்மனியில் மைக்கேல் கோல்ஹாசே குழு செய்த மேத்வெப்சேர்ச் வேறு மாதிரி, கேள்வியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு "இங்கே எது இருந்தாலும் சரி" என்று கேட்கலாம், அந்தக் காலி இடத்தை நிரப்பக்கூடிய சூத்திரங்கள் வரும். 1931 முதல் கணிதக் கட்டுரைகளைப் பட்டியலிட்டு வரும் செட்.பி.மேத் தளத்தின் சூத்திரத் தேடல் அந்த அடித்தளத்தில் எழுந்தது. அந்தத் தளம் 2021 முதல் எல்லாருக்கும் இலவசம், வளாக நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேட்கத் தேவையில்லை. அமெரிக்காவில் ரொச்செஸ்டரில் ரிச்சர்ட் சனிபி குழு செய்த டேன்ஜன்ட் வரிசைக் கருவிகளையும் வாசியுங்கள். அதில் பிந்திய ஒன்று சூத்திரத்தை எண் திசையனாக, அதாவது எண்களின் ஒரு வரிசையாக, மாற்றி, நெருக்கமானவற்றைத் தேடுகிறது.

இவற்றை ஒப்பிடப் பொதுச் சோதனைகளும் நடந்திருக்கின்றன. ஜப்பானின் என்.டி.சி.ஐ.ஆர் தொடரில் 2013 முதல் 2016 வரை கணிதப் பிரிவு இருந்தது, பிறகு 2020 முதல் 2022 வரை ஆர்க்மேத் என்ற சோதனை நடந்தது. ஆர்க்மேத்தின் கேள்விகளும் தரவும் மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தவை. அந்தத் தரவுத் தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது, புதிதாகத் திரட்டப்போனால் ஆறு மாதம் அதிலேயே போகும். ஆனால் என் ஆசையைச் சொல்லட்டுமா? மேலே மூதூர் ஆசிரியர் எழுதியிருக்கிறாரே, அந்த டியூட்களை எடுத்து, தமிழ் வசனமும் சூத்திரமும் கலந்த கேள்விகளுக்குச் சின்னதாக ஒரு தேடல் கருவி செய்யுங்கள். ஐந்நூறு கேள்வி போதும். வளாகத்திலிருந்து மூதூர் எவ்வளவு தூரம்? சம்மதம் என்றால் இதழுக்கு எழுதுங்கள், உங்கள் இருவரையும் நாங்கள் இணைத்துவிடுகிறோம்.

கேள்வி: அன்புள்ள ஆசிரியைக்கு, நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். பொழுதுபோக்காக 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்கங்களின் நேர்மாறுகளைக் கல்குலேட்டரில் நூறு உறுப்பு வரை கூட்டினேன். 1.634984 வந்தது. இது எங்கே போய் முடியும்? சூத்திரமே தெரியாதபோது எதைத் தேடுவது?
(வாசகர், தம்பலகாமம்)

பதில்: ஐயா, எண்ணையே தேடலாம். நீல் ஸ்லோன் என்ற கணிதர் 1964இல் மாணவராக இருந்தபோது எண் வரிசைகளைச் சேர்த்து எழுதத் தொடங்கினார். 1996இல் அது இணையத்துக்கு வந்து, இன்று ஓ.ஈ.ஐ.எஸ் என்ற பெயரில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளோடு இருக்கிறது. 1, 2, 5, 14, 42 என்று ஐந்து எண்ணைக் கமா போட்டு அடித்தால் கற்றலான் எண்கள் என்று சொல்லி, அதன் சூத்திரங்களையும் அவை எங்கெல்லாம் வருகின்றன என்பதையும் அடுக்கிக் காட்டும். தசம எண்களின் இலக்கங்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன.

ஆனால் உங்கள் 1.634984ஐ அப்படியே போட்டால் கிடைக்காது, ஏனென்றால் கூட்டல் இன்னும் முடியவில்லை. இந்தத் தொடர் மிக மெதுவாக நகரும், நூறு உறுப்புக்குப் பிறகும் கிட்டத்தட்ட நூறில் ஒன்று மிச்சம் இருக்கும். மிச்சத்துக்கு 1/100.5ஐச் சேர்த்துப் பாருங்கள், அது 0.009950. இப்போது 1.644934 வருகிறது, ஆறு தசம தானம் சரி. 1, 6, 4, 4, 9, 3, 4 என்று ஏழு இலக்கத்தையும் கமா போட்டுத் தேடுங்கள். பை வர்க்கத்தின் ஆறில் ஒன்று என்ற பதில் வந்து நிற்கும். வட்டமே இல்லாத கணக்கில் பை எப்படி வந்தது என்று திகைப்பீர்கள். 1734இல் ஒய்லர் கண்டுபிடித்தது அது.

அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தபின் வர்க்கத்துக்குப் பதில் கனத்தைப் போட்டு, 1 + 1/8 + 1/27 என்று கூட்டுங்கள். இது வேகமாக ஒடுங்கும், நூறு உறுப்பிலேயே 1.2020 கைக்கு வந்துவிடும். மிச்சத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று நீங்களே கண்டுபிடித்து, வரும் இலக்கங்களை அதே இடத்தில் தேடிப் பார்த்து, என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.